சிரிப்பு ஏறாத பிலிம்

மாதம்மாள் முதன்முதலாகச் செத்தது 1984-ஆம் வருஷம், தைப்பொங்கல் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை, மதியம் மூன்றேகால் மணிக்கு. நான்கு நிமிஷம் கழித்து எழுந்து உட்கார்ந்து, அடுப்பில் வைத்த கொள்ளு அடிப்பிடித்துவிட்டதே, இத்தனை பேர் நிற்கிறீர்கள், ஒருத்திக்குக்கூடவா மூக்கு இல்லை என்று கூடியிருந்த பெண்களைத் திட்டினாள். அதியமான்கோட்டைக்கு மேற்கே ஏரிக்கரை தாண்டி இருந்த அந்தப் பதினாறு வீட்டுக் குடியிருப்பில் அதை மயக்கம் என்று சொல்லிக் கலைந்துபோனார்கள். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் மட்டும், தான் மூக்கில் பஞ்சு வைத்துப் பார்த்ததாகவும் பஞ்சு அசையவே இல்லை என்றும் சொல்லிக்கொண்டே போனாள். தக்காளிக் காட்டிலிருந்து ஓடிவந்த புருஷன் காளியப்பன் அதைக் கேட்டுவிட்டான். அன்று மாலை ஏழு மணிக்கு மாதம்மாள் மறுபடியும் செத்தாள். படுக்கப்போகும் முன் இன்னொரு தடவை. ஞாயிற்றுக்கிழமை ஒருநாளில் மட்டும் பதினான்கு தடவை செத்தாள். ஒவ்வொரு தடவையும் நான்கு நிமிஷம்தான்; உடம்பு கிணற்றுக் கல் மாதிரிச் சில்லிட்டு, மூச்சு நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பிப்பாள். ஒரு டாக்டர் ரத்தசோகை என்று மாத்திரை கொடுத்தார். கோடங்கி ஒருவர் கணவாய்ப் பக்கம் போனாளா என்று கேட்டுத் தாயத்துக் கட்டினார். டாக்டரைவிடக் கோடங்கி கொஞ்சம் கிட்டே வந்திருந்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

காரணம் சினிமா. முந்தைய ஐப்பசியில் குப்புராஜ் என்பவர் தொப்பூர்க் கணவாயில் ஒரு பழைய பங்களாவைப் பிடித்து, பத்தொன்பது நாளில் ‘மூன்றாம் வளைவு’ என்ற பேய்ப்படத்தை எடுத்து முடித்தார். சேலத்துக்காரர், அதற்குமுன் மோட்டார் பம்பு விற்றவர். மனுஷனைப் பயமுறுத்தப் பெரிய முதல் தேவையில்லை, இருட்டும் பொறுமையும் இருந்தால் போதும் என்பது அவர் கட்சி. ரத்தத்துக்குக் குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைத்தார்கள். புகைக்கு ஈர வைக்கோல், இடிக்குத் தகரம், மின்னலுக்கு அதியமான்கோட்டை வெல்டிங் பட்டறைக்காரர். காமிராவை டயர் வண்டியில் வைத்து, மாட்டை அவிழ்த்துவிட்டு ஆட்களே தள்ளினார்கள். இந்த மாதிரிப் படங்களைத் தேடிப்போய்ப் பார்க்கிற சனம் ஒன்று உண்டு. அவர்கள் பேய் எப்படி வந்தாலும் மன்னித்துவிடுவார்கள், பிணம் மூச்சுவிட்டால் மன்னிக்கமாட்டார்கள். கூலிக்கு வந்து படுத்த பிணத்தின் வயிறு ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்துவிட்டால் தரை டிக்கெட் சிரித்துவிடும். ஒருதரம் சிரித்த கொட்டகை அப்புறம் எதற்கும் பயப்படாது. குப்புராஜுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் பிணத்துக்கென்றே சேலத்திலிருந்து பழக்கப்பட்ட ஒரு அம்மாளுக்குச் சொல்லி வைத்திருந்தார். அன்றைக்குப் பார்த்துக் கணவாயில் லாரி கவிழ்ந்து, அந்த அம்மாள் வந்த பஸ் பாதி வழியில் நின்றுபோனது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வேடிக்கை பார்க்கப் போயிருந்த காளியப்பன், டீக்கடையில் டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னான். “எம் பொண்டாட்டி கெணத்துல முங்குனான்னா நாங்க மேல நின்னு ஒரு பீடி குடிச்சு முடிப்பமுங்க. அதுக்கப்புறந்தான் தலையத் தூக்குவா. மூச்சப் புடிக்கறதுல அவள மிஞ்ச ஆளு கெடையாதுங்க.” இது உண்மைதான். கிணற்றில் விழுந்த குடம், செம்பு, ஒருதரம் ஒரு ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் அந்தக் குடியிருப்புக்கு எடுத்துக் கொடுத்தவள் மாதம்மாள். அவள் மாட்டேன் என்றாள். பொணமா படுக்கறது ஒரு வேலையா என்றாள். திரையில் உன் முகம் இம்மாம் பெரிசாகத் தெரியும் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிச் சம்மதிக்க வைத்தது காளியப்பன்தான். பிற்பாடு அவன் தன்னையே வெறுத்துக்கொண்ட நாட்களில், அந்த விரித்த கைகள்தான் அவனுக்கு ஞாபகம் வரும்.

பங்களாக் கூடத்தில் அவளைக் கிடத்தி, நெற்றியில் ஒற்றை ரூபாயை ஒட்டி, தாடையைக் கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். ஒரே ஷாட், வெட்டு கிடையாது. வண்டி மெல்ல மெல்ல அவள் முகத்தை நோக்கி உருண்டு வந்தது. நான்கு நிமிஷம் மாதம்மாள் மூச்சுவிடவில்லை. தள்ளிக்கொண்டு வந்தவர்களில் ஒருவன் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டான் என்று சொல்வார்கள். இந்தத் தொழிலில் ஒரு சாங்கியம் இருக்கிறது. பிணமாக நடித்தவர் ஷாட் முடிந்ததும் எழுந்து காமிராவைப் பார்த்துச் சிரிக்கவேண்டும், அந்தச் சிரிப்பும் பிலிமில் ஏறவேண்டும், அதன்பிறகே பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிப்பார்கள். எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் இதைத் தாண்டமாட்டார்கள். இங்கேயும் செய்தார்கள். காமிராமேன் சவுரியப்பன் “சிரிங்கம்மா” என்றார், காமிரா கிர்ரென்று ஓடியது, மாதம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பூசணிக்காய் நாலு துண்டாகச் சிதறியது. காளியப்பன் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தான். அதனால் தையில் அவள் சாகத் தொடங்கியபோது, சினிமாமேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

காரணம் பிடிபட்டது தருமபுரியில், மேட்னிக் காட்சியில். படம் வந்து எட்டாம் நாள், சீக்காளிப் பெண்டாட்டிக்கு ஒரு சந்தோஷமாக இருக்கட்டும் என்று புதுப்புடவை கட்டச்சொல்லி அழைத்துப்போனான். ஐந்தாவது ரீலில் அந்தக் கூடம் வந்தது. கொட்டகையே அடங்கிப்போயிற்று. திரையில் அவள் முகம் வந்த அதே நொடி, பக்கத்தில் இருந்த அவள் தலை அவன் தோளில் சாய்ந்தது. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே திரும்பினான். கன்னம் சில்லிட்டிருந்தது. எதிரே ஒரு மாதம்மாள் மூச்சில்லாமல் வளர்ந்துகொண்டே வந்தாள், தோளில் ஒரு மாதம்மாள் மூச்சில்லாமல் கனத்துக்கொண்டே வந்தாள். இரண்டில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் காளியப்பன் கத்தினான். அந்த இடத்தில் எல்லோருமே கத்திக்கொண்டிருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த காட்சியில் சமையல்காரன் வழுக்கி விழுந்ததும் அவள் நெஞ்சு ஏறி இறங்கியது.

“ஏங்க, நான் அங்கதான் இருந்தேன்,” என்று திரையைக் காட்டினாள். அவள் பல் தந்தியடித்தது. “கண்ணத் தொறக்க முடியல. ஆனா எல்லாரையும் தெரியுது. நீங்க மூணாவது வரிசைல வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. எல்லாரும் என்னயப் பாத்துப் பயப்படறாங்க. எனக்கு அவங்களப் பாத்தாப் பயமா இருக்குதுங்க.” படத்தை முழுசாகப் பார்க்காமல் இருவரும் வெளியே வந்து பஸ் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் இப்படியே போனது. படத்துக்கு மொத்தம் ஐந்து பிரிண்ட். பெட்டி எந்த ஊர்க் கொட்டகைக்குப் போனாலும் அங்கே ஐந்தாவது ரீல் ஓடும்போது இங்கே மாதம்மாள் விழுவாள். களை எடுக்கும்போது விழுந்தாள், மாமியார் திவசத்தில் படையல் இலைமேல் விழுந்தாள், ஒருதரம் கிணற்றுப் படியில் விழப்போய்க் கோவிந்தம்மாள் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு ஊரில் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டும் ஒரே சாவில் அடங்கிவிடும், அது ஒரு சௌகரியம். எங்கே இருந்தேன் என்பதை எழுந்ததும் அவளே சொல்லுவாள்: தகரக் கூரைமேல் மழை என்றால் பாலக்கோடு, கன்னடத்தில் அலறினால் எல்லைக்கு அந்தப்பக்கம், வறுத்த கடலை வாசமும் மூத்திர வாசமும் சேர்ந்து வந்தால் அரூர். தொப்பூர் ஓட்டல்களில் சாப்பிட நிற்கும் லாரி டிரைவர்கள் காளியப்பனுக்குச் செய்தி கொண்டுவந்தார்கள். “அண்ணே, ஓசூர்ல போஸ்டர் ஒட்டறான், வெள்ளிக்கெழமலருந்து நாலு காட்சி” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவன் வீட்டுக்கு வந்து அவளுக்குப் பாய் விரித்துவைப்பான். ஊர் பழகிவிட்டது. அவள் விழுந்தால் பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு, ஈ உட்காராமல் ஒருத்தி விசிறுவாள். பழகாதவன் காளியப்பன் ஒருவன்தான். ஒவ்வொரு தடவையும் அவள் மூக்கருகே புறங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எழுந்திருக்காமல் போய்விட்டால் என்ற ஒரே நினைப்பு. சோறு இறங்காமல் இளைத்து, செத்துப் பிழைக்கிறது இவனா அவளா என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் கேட்கும்படி ஆனான்.

பிரிண்டுகள் பழையதாக ஆக, அவள் உடம்பிலும் தெரிய ஆரம்பித்தது. நெற்றியிலிருந்து மோவாய்வரை நூல் நூலாக வெள்ளைக் கோடுகள் விழுந்தன. தேய்ந்த பிலிமில் மழை பெய்கிற மாதிரி இருக்குமே, அதே கோடுகள். ஒரு பிரிண்டு குடோனில் வெந்துபோனபோது மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். இன்னொன்று வெள்ளத்தில் போனபோது வாய்வழியே தண்ணீர் வந்தது. 1986 வைகாசியில் ஒரே ஒரு பிரிண்டுதான் மிச்சம். அதியமான்கோட்டை டூரிங் டாக்கீஸின் ஆபரேட்டர் ஹயாத் பாஷாவிடம் காளியப்பன் யோசனை கேட்டான். பாஷா இருபது வருஷமாக ரீல் சுற்றியவர், காரியக்காரர், வாய் கோணாமல் உண்மையைச் சொல்லிவிடுவார். “காளியப்பண்ணே, படம் ஓடினா அவங்களுக்குச் சாவு. படம் அழிஞ்சா என்னா ஆகும்னு அல்லாவுக்குத்தான் தெரியும். அஞ்சுல நாலு போனதுக்கே இப்படிங்கறீங்க. கடைசி ஒண்ணும் போச்சுன்னா? அவங்க எழுந்து சிரிச்சது எங்கயாச்சும் பிலிம்ல இருக்கணுமே, அதப் போய்க் கேளுங்க.”

சவுரியப்பனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. குப்புராஜ் சினிமாவை விட்டுப் பம்புக்கே திரும்பிவிட்டார். சவுரியப்பன் தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்துப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். காளியப்பன் சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டவர், முடிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “காமிராவுல பிலிம் இல்லீங்க,” என்றார். நானூறு அடி ரோல், நான்கு நிமிஷ ஷாட்டிலேயே தீர்ந்துபோய்விட்டது. பேய் எழுந்திருக்கும் காட்சிக்கென்று இன்னொரு டப்பா இருந்தது. ஒரு சிரிப்புக்காக அதைப் பிரிக்கவேண்டாம் என்று குப்புராஜ் கண்ணைக் காட்டினார். அதனால் வெறும் காமிராவை ஓடவிட்டார்கள். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு எதிலும் ஏறவில்லை. “சத்தம் கேட்டாப் போதும்னு நெனச்சம். பூசணிக்கா ஒடச்சமே, அதுக்குள்ள அடங்கிரும்னு நெனச்சம். என்னய மன்னிச்சிருங்க.” காளியப்பனுக்கு அடிக்கவேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. “இப்ப எடுக்க முடியுமாங்க?” என்று மட்டும் கேட்டான்.

சவுரியப்பன் மெட்ராஸுக்குப் போய், தெரிந்தவரிடம் காமிராவும், யாரோ எடுத்து மிஞ்சிய ஐம்பது அடித் துண்டுப் பிலிமும் இரவல் வாங்கிவந்தார். சிரிப்பை எடுத்துக் கழுவிப் பிரிண்டு போட்டு, கடைசிப் பிரிண்டில் பிண ஷாட் முடிகிற இடத்தில் ஒட்டிவிடுவது என்று ஏற்பாடு. ஒட்டுகிற வேலை பாஷாவுடையது. மாதம்மாள் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். காமிரா ஓடியது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உதடு இழுத்துக்கொண்டு கோணியது, கண் நிறைந்தது, அவ்வளவுதான். கோவிந்தம்மாள் பின்னால் நின்று குரங்குச் சேட்டையெல்லாம் செய்தாள். இருபது அடி வீணானதும் சவுரியப்பன் நிறுத்திவிட்டார்.

“அந்தப் பொட்டியப் பாத்தாலே நெஞ்சடைக்குதுங்க,” என்றாள் மாதம்மாள். “ரெண்டரை வருசமாச் செத்துக்கிட்டுக் கெடக்கறேன். என்னாத்த நெனச்சுச் சிரிக்கறது, சொல்லுங்க.” மிச்சம் முப்பது அடி. ஒரு வாரம் கழித்து, அடுத்த வெள்ளிக்கிழமை, மேட்னிச் சாவு முடிந்து அவள் எழுந்த பிறகு எடுத்துப் பார்க்கலாம் என்று கலைந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை சரியாக மூன்றேகாலுக்கு அவள் விழுந்தாள். பிரிண்டு பாலக்கோட்டில் ஓடுகிறது என்பது தெரிந்ததுதான். சவுரியப்பன் வாசலில் காமிராவை முக்காலி ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷத்தில் மேற்கே வானம் கறுத்து, கோடைக் காற்று ஒன்று கிளம்பிப் புளியமரத்தை முறித்துப் போட்டது. நான்கு நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. காளியப்பனின் புறங்கையில் மூச்சு படவில்லை. ஊருக்குள் கரண்ட் இல்லை என்று யாரோ சொன்னபோதுதான் அவனுக்குப் புரிந்தது. அதே லைனில் இருக்கும் பாலக்கோட்டிலும் கரண்ட் போய்ப் படம் பாதியில் நின்றிருக்கிறது. ஐந்தாவது ரீல், அவள் முகத்திலேயே நின்றிருக்கிறது. கம்பங்கள் விழுந்துவிட்டன, வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். பாஷாவின் டூரிங் டாக்கீஸுக்குச் சொந்த ஆயில் எஞ்சின் உண்டு, அதற்கு ஊர்க் கரண்ட் வேண்டியதில்லை. காளியப்பன் கொட்டகைக்கு ஓடிப் பாஷாவின் காலைப் பிடித்தான். “எழுந்திருங்கண்ணே, வூட்டுக்குப் போய் அவங்க பக்கத்துல இருங்க. பொட்டிய நான் கொண்டாரேன். என் எஞ்சின் சத்தம் கேக்கற வரைக்கும் யாரையும் தூக்க வுடாதீங்க,” என்று சொல்லிவிட்டுப் பாஷா மழையில் மோட்டார் சைக்கிளை மிதித்தார்.

ஐந்து மணிக்கு மாதம்மாளின் தம்பி கோவிந்தன் நல்லம்பள்ளியிலிருந்து பங்காளிகளோடு வந்துவிட்டான். அவனுக்கு அக்கா என்றால் உயிர். நான்கு நிமிஷச் சாவுகளை அவன் பலதடவை பார்த்திருக்கிறான், அது வேறு. இது ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டது, உடம்பு விறைத்துவிட்டது. “மாமா, போதுங்க. எங்கக்காவ உசுரோட சினிமாக்காரனுக்குக் குடுத்தீங்க. செத்த பெறகாவது மரியாதையா அனுப்புங்க. விடிஞ்சா சனிக்கெழம. சனிப் பொணம் தனிப் போகாது. வெளக்கு வைக்கறதுக்குள்ள எடுத்தாகணும்.” காளியப்பன் கெஞ்சினான், பாலக்கோடு என்றான், ரீல் என்றான், எஞ்சின் என்றான். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் புலம்புகிறான் என்று பெரியவர்கள் அவனைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஏரிக்கரையில் குழி வெட்டப் போனார்கள். பெண்கள் அவளைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசி, நெற்றியில் ஒற்றை ரூபாயை ஒட்டி, தாடையைக் கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். பங்களாக் கூடத்தில் குப்புராஜ் எப்படிக் கிடத்தியிருந்தாரோ, மயிரிழை பிசகாமல் அப்படியே இருந்தாள். காளியப்பனுக்கு அதைப் பார்த்ததும்தான் உண்மையான பயம் வந்தது. அதுவரை பட்டதெல்லாம் பயமே இல்லை என்று தோன்றியது. காதைக் கொட்டகைப் பக்கமே வைத்துக்கொண்டிருந்தான்.

பாஷா பாலக்கோடு போய்ச் சேர்ந்தபோது கொட்டகையில் ஆள் இல்லை. ஆபரேட்டர் அறையில் படம் நின்ற இடத்தில், கட்டத்துக்குக் கட்டம் பிசகக்கூடாது என்று பிலிமின் ஓரத்துத் துளையில் ஒரு தீக்குச்சியைச் செருகினார். யாரும் வந்து தடுப்பதற்குள் ரீலை லுங்கியில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் மூன்று இடத்தில் மரம் விழுந்து, வண்டியைத் தூக்கித் தாண்ட வேண்டியிருந்தது. இங்கே ஆறேகாலுக்குப் பாடை தயார். மழை விட்டு, மஞ்சள் வெயில் ஒன்று அடித்தது. புதைத்து முடிப்பதற்குள் இருட்டிவிட்டால் சனிக்கணக்கில் சேர்ந்துவிடுமோ என்று கோவிந்தன், துணைக்குப் போக ஒரு சேவலைக் கொண்டுவந்து பாடைக் காலில் கட்டினான். நான்கு பேர் தூக்கினார்கள். காளியப்பன் எழுந்தான். பாடைக்கு முன்னால் போய், சேறும் தண்ணியுமாகக் கிடந்த வண்டித் தடத்தில் குறுக்கே மல்லாந்து படுத்துவிட்டான்.

“என்னய மிதிச்சுக்கிட்டுப் போங்க,” என்றான்.

மைத்துனன் அழுதான், பெரியவர்கள் அதட்டினார்கள், ஒருவர் காலைப் பிடித்து இழுத்தார். காளியப்பன் சேற்றில் விரல்களை ஊன்றிக்கொண்டான். அந்த நேரம், ஏரிக்கு அப்பாலிருந்து, டக் டக் டக் என்று ஆயில் எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது. ஆளில்லாத கொட்டகையில், நனைந்து தொங்கிய திரையில், பாஷா தனியாக நின்று தீக்குச்சியை உருவிவிட்டு ரீலை ஓடவிட்டார். மிச்சம் இருந்தது இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷமும் தான் கலிமாவைச் சொல்லிக்கொண்டே இருந்ததாகப் பிற்பாடு சொன்னார்.

தோள்களின் மேல் மாதம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். தூக்கியிருந்த நான்கு பேரும் பாடையைத் தரையில் வைத்துவிட்டு ஓடிய ஓட்டத்தில், ஒருவனுடைய வேட்டி பாடையிலேயே தங்கிவிட்டது. சேவல் றெக்கையை அடித்துக்கொண்டு கத்தியது. கோவிந்தன் மட்டும் ஓடவில்லை. அக்காவைப் பார்த்தபடி, வாயைப் பிளந்துகொண்டு, கண்ணீர் கொட்ட அப்படியே நின்றான். மாதம்மாள் தாடைக் கட்டைப் பிய்த்துப் போட்டாள். சேவலைப் பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள். தடத்தில் சேறு பூசிக் கிடந்த புருஷனைப் பார்த்தாள். அவளுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி வந்தது; இரண்டரை வருஷச் சிரிப்பு, நெற்றிக் காசு தெறித்து விழ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யாரும் சொல்லாமலே சவுரியப்பன் காமிராவைத் திருப்பியிருந்தார். இந்தத் தடவை உள்ளே பிலிம் இருந்தது. முப்பது அடி, இருபது விநாடி.

பாஷா அந்தத் துண்டைப் பிளேடால் சுரண்டிப் பிலிம் ஒட்டும் சிமெண்டு வைத்து ஒட்டிய நாளிலிருந்து மாதம்மாள் சாகவில்லை. முகத்துக் கோடுகள் ஒரு மாசத்தில் மறைந்தன. படம் ஓடுகிற நேரத்தில் செத்துப்போவதற்குப் பதிலாக இருபது விநாடி சிரிக்கிறாள், அவ்வளவுதான். அந்தத் துண்டில் ஒலி பதியவில்லை. அதனால் அவளுக்கும் சத்தம் வருவதில்லை. நாற்று நட்டுக்கொண்டிருக்கும்போதே நிமிர்ந்து, வாய் திறந்து, சத்தமில்லாமல் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வாள். அதே இருபது விநாடி நல்லம்பள்ளியில் கோவிந்தன் சத்தமில்லாமல் அழுவான். அவனும் அந்தத் துண்டில் ஓரமாக இருக்கிறான். அவன் கல்யாணத்தில் தாலி கட்டும்போது அப்படி ஆனது, பெண் வீட்டார் காத்திருந்து பிறகு மேளத்தைத் தட்டச் சொன்னார்கள். இதற்கிடையில், யாரும் சீந்தாத ‘மூன்றாம் வளைவு’க்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. சாமர்த்தியமான பேய்ப்படங்கள் எத்தனையோ வந்தன. ஆனால் பிணம் பாடையில் எழுந்து சத்தமில்லாமல் சிரிக்க, பக்கத்தில் ஒருவன் சத்தமில்லாமல் அழ, காலடியில் ஒரு சேவல் துள்ள, எந்த விளக்கமும் சொல்லாமல் அடுத்த காட்சியில் சமையல்காரன் வழுக்கி விழுகிற படம் வேறு கிடையாது. தருமபுரி ஜில்லாவில் பயப்பட ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள். குப்புராஜ்கூட ஒரு மேட்னிக்கு வந்து, பாதியில் எழுந்துபோனார்.

காளியப்பன் அந்தத் துண்டில் இல்லை. தடத்தில் கிடந்தவன் காமிராவுக்குக் கீழே போய்விட்டான். அவன் பயம் எந்தப் பிலிமிலும் ஏறவில்லை, அதனால் அது முடியவும் இல்லை. பெட்டி எந்த ஊரில் இருந்தாலும், ஓடினாலும் ஓடாவிட்டாலும், மதியம் மூன்றேகாலுக்குக் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவான். மாதம்மாள் எங்கே இருந்தாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, புறங்கையை அவள் மூக்கருகே கொண்டுபோவான். 1989 கார்த்திகையிலும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தான். அவளும் முறத்தில் கேழ்வரகு புடைப்பதை நிறுத்தி, அவன் கையில் நன்றாகப் படும்படி ஒருதரம் மூச்சை விடுவாள்.

“இருக்குதுங்க,” என்பாள். “போய் மாட்ட நெழல்ல கட்டுங்க.”